டாங்கிக் கூரைத் துப்பாக்கியை கேமில் பொருத்துவது எப்படி

நான் திருச்சியில் ஒரு பட்டறையில் சிஎன்சி மெஷினுக்கு புரோகிராம் எழுதுகிறவன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு மணி நேரம் கோடோ என்ற கேம் கட்டும் மென்பொருளில் ஒரு டாங்கி கேம் கட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்று வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தப்பா மகனும் தெருப் பையன்கள் நாலு பேரும் லேப்டாப்போடு வந்துவிடுவார்கள். கூடத்தில் பாய் விரித்து, கேபிள் செருகி, ஆறு பேரும் ஆடுவோம். இந்த மூன்று வருடத்தில் என்னை அதிகம் அலைக்கழித்தது பெரிய பீரங்கியும் இல்லை, கவசக் கணக்கும் இல்லை. டரட்டுக்கு (பீரங்கியோடு சுழலும் மேல் கூண்டு) மேலே, வெட்டவெளியில், ஒரு இரும்புத் தண்டில் நிற்கும் மெஷின் கன்தான்.

முதல் வடிவத்தில் எஃப் விசையை அழுத்தினால் அது சுடும், அவ்வளவுதான். யாரும் வெளியே வர வேண்டாம், தோட்டா தீராது. இரண்டே வாரத்தில் எல்லோரும் அமெரிக்க ஷெர்மன் டாங்கியை எடுத்துக்கொண்டு கண்ணில் படுவதையெல்லாம் கூரைத் துப்பாக்கியால் பொழிந்து தள்ள ஆரம்பித்தார்கள். முன்னால் சக்கரமும் பின்னால் சங்கிலிப் பட்டையும் கொண்ட ஜெர்மன் 251 ஹாஃப்-டிராக் ஓட்ட ஆள் இல்லாமல் போனது. சரி, துப்பாக்கி அதிக பலமாக இருக்கிறது என்று நினைத்து, ஒரு தோட்டாவின் சேதத்தை நாலில் ஒன்றாகக் குறைத்தேன். அடுத்த ஞாயிறு சித்தப்பா மகன் ஹாஃப்-டிராக்கின் பக்கவாட்டில் முப்பது மீட்டரிலிருந்து ஒரு பெல்ட் முழுவதையும் கொட்டினான். பிறகு ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தான். “அண்ணா, நூறு தோட்டா போட்டாச்சு. வண்டி அப்படியே நிக்குது. இது நெசமில்லண்ணா.”

அவன் சொன்னது சரி. அந்த வண்டியின் பக்கவாட்டுத் தகடு 8 மி.மீ. அவ்வளவு கிட்டத்திலிருந்து பாயும் 12.7 மி.மீ. தோட்டாவை அது தாங்கவே தாங்காது. என் கேம் பொய் சொன்னது, அவன் கண்டுபிடித்துவிட்டான்.

அன்றிலிருந்து ஒரே ஒரு விதியை வைத்துத்தான் வேலை செய்கிறேன். தோட்டாவின் பலத்தைத் தொடக்கூடாது. அந்தத் தோட்டாவைச் சுட நிஜத்தில் ஒரு மனிதன் என்ன விலை கொடுத்தானோ, அந்த விலையை கேமுக்குள் கொண்டுவர வேண்டும். அதைச் செய்தால் பேலன்ஸ் பெரும்பாலும் தானாக வந்து உட்காரும். இதே வேலையில் இருப்பவர்களுக்காகவும், வேறு கேமுக்கு மோட் எழுதுகிறவர்களுக்காகவும் என் வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

துப்பாக்கிக்குப் பின்னால் யார்?

கோடு எழுதும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. “டாங்கி சுடுகிறது” என்று எழுதாதீர்கள். டாங்கிக்குள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டு எழுந்துதான் அந்தத் துப்பாக்கியைப் பிடிக்க வேண்டும். யார் எழுகிறார் என்பதைப் பொறுத்து கேமே மாறிவிடும்.

சோவியத் டி-54ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 12.7 மி.மீ. டிஎஸ்ஹெச்கே மெஷின் கன் இருப்பது லோடரின் மூடி மேலே. லோடர் வெளியே நின்றால் பீரங்கிக்குக் குண்டு போட ஆள் இல்லை. ஆகவே என் கேமில் டி-54 ஓட்டுகிறவர் கூரைத் துப்பாக்கியைப் பிடித்த நொடியில் பீரங்கியின் ரீலோட் கடிகாரம் நின்றுவிடும். பாதியில் விட்டது பாதியிலேயே இருக்கும், அவர் கீழே இறங்கிய பிறகுதான் மறுபடி ஓடும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு, எதிர் டாங்கி பக்கத்தில் இருக்கும்போது யாரும் டிஎஸ்ஹெச்கேவைத் தொடுவதில்லை. நான் தடுக்கவில்லை, அவர்களாகவே கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். அமெரிக்க எம்1 ஏப்ரம்ஸில் லோடருக்கு 7.62 மி.மீ. எம்240 உண்டு. அதற்கும் இதே விதி.

கமாண்டர் பிடிக்கும் துப்பாக்கி என்றால் விலை வேறு. கமாண்டர் என்பவர் டாங்கியின் கண். அவர் ஒரு குறிமுள்ளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் சுற்றிலும் பார்ப்பது யார்? நான் செய்தது இதுதான்: கமாண்டர் துப்பாக்கியைப் பிடித்திருக்கும்வரை எதிரி வண்டிகளை மேப்பில் குறித்துக் காட்டும் வசதி நின்றுவிடும். பின்பக்கம் வரும் வண்டியின் சத்தத்தை மட்டும் விட்டுவைத்தேன். தலை வெளியே இருக்கிறவனுக்குக் காது நன்றாகக் கேட்கும், அது நியாயம்.

மற்ற கேம்கள் இந்தக் கேள்விக்கு வேறு வேறு பதில் வைத்திருக்கின்றன. வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸில் கூரைத் துப்பாக்கி வெறும் தோற்றம்தான், சுடாது. வார் தண்டரில் சுடும், ஆனால் பெரும்பாலான டாங்கிகளில் அதைப் பிடிக்க ஆள் வெளியே வருவதில்லை. 2002இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 1942இல் இரண்டாவது ஆட்டக்காரர் அந்த இடத்துக்கு மாறினால் அவர் உடல் மூடிக்கு வெளியே தெரியும், சுட்டால் சாவார். எனக்கு அந்த மூன்றாவது வழிதான் மனசுக்குப் பிடித்தது. பெரிய கேம்களுக்கு அவரவர் காரணம் இருக்கும். ஆறு பேர் ஆடும் கேமில் அந்தத் துணிச்சலை நாம் தாராளமாக எடுக்கலாம்.

உடலை வெளியே வையுங்கள்

வண்டிக் கவசத்துக்கு மணிக்கணக்காக உழைக்கிறோம், மூடிக்கு வெளியே நிற்கும் இடுப்பளவு மனிதனை மறந்துவிடுகிறோம். நிஜத்தில் அந்த மனிதனின் கதை என்ன என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும்.

முதல் சம்பவம் 1963 ஜனவரி 2, தென் வியட்நாமில் அப் பாக் என்ற இடம். தென் வியட்நாம் ராணுவத்தின் எம்113 கவச வண்டிகள் வயல் வழியாக, மரவரிசையில் பதுங்கியிருந்த எதிரியை நோக்கிப் போயின. ஒவ்வொரு வண்டியின் மேலும் 12.7 மி.மீ. துப்பாக்கி. அதைப் பிடித்தவர் மார்பு வரை வெளியே, முன்னால் எந்தத் தடுப்பும் இல்லை. அன்று அந்தத் துப்பாக்கிக்காரர்களில் 14 பேர் இறந்ததாகப் பதிவு. வண்டிகள் உடையவில்லை, மேலே நின்றவர்கள்தான் ஒவ்வொருவராக விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் துப்பாக்கிக்கு முன்னால் தகடு வைக்க ஆரம்பித்தார்கள். ஆரம்பத்தில் மூழ்கிய கப்பல்களின் தகட்டையெல்லாம் வெட்டி மாட்டியிருக்கிறார்கள். பின்னால் வந்த ஏகேவ் (ACAV) என்ற சண்டை வடிவ எம்113களில் அந்தத் தடுப்பு தொழிற்சாலைத் தரத்தில் வந்தது.

இரண்டாவது 1945 ஜனவரி 26, பிரான்சில் கோல்மார் நகருக்குப் பக்கத்தில் ஹோல்ட்ஸ்விர் கிராமம். ஆடி மர்ஃபி என்ற அமெரிக்க அதிகாரி, தீப்பற்றி எரிந்துகொண்டிருந்த ஒரு டாங்கி எதிர்ப்பு வண்டியின் மேல் ஏறி, அதன் 12.7 மி.மீ. துப்பாக்கியைப் பிடித்தார். மூன்று பக்கமும் எதிரி. ஏறக்குறைய ஒரு மணி நேரம் தனியாகச் சுட்டார். காலில் காயம் பட்டும் இறங்கவில்லை. தொலைபேசியில் பின்னாலிருந்த பீரங்கிகளுக்குத் திசையும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு மெடல் ஆஃப் ஹானர் கொடுத்தபோது எழுதிய பாராட்டுரை, அன்று ஏறக்குறைய 50 எதிரிகள் அவரால் கொல்லப்பட்டோ காயம்பட்டோ விழுந்தார்கள் என்கிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ரகத் துப்பாக்கி, ஒரே வெட்டவெளி. ஒரு இடத்தில் நிற்கிறவர்கள் விழுகிறார்கள், இன்னொரு இடத்தில் ஒற்றை ஆள் ஒரு தாக்குதலையே நிறுத்துகிறார். உங்கள் கேம் இந்த இரண்டுக்கும் இடம் கொடுக்க வேண்டும். சேதத்தைக் குறைத்தால் மர்ஃபி போய்விடுவார். உடலை மறைத்தால் அப் பாக் போய்விடும்.

என் அளவுகளைச் சொல்கிறேன், உங்கள் கேமின் வேகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து எழ 1.5 நொடி. உள்ளே இறங்கி மூட 1 நொடி. எழுந்து நிற்கும்போது தலை, தோள், கை மூன்றுக்கும் தனித்தனி ஹிட்பாக்ஸ் (தோட்டா பட்டதா என்று கணக்கிடும், கண்ணுக்குத் தெரியாத பெட்டி). தலையில் ஒரு ரைபிள் தோட்டா பட்டால் ஆள் காலி. தோளிலோ கையிலோ பட்டால் உயிர் இருக்கும், ஆனால் அவர் தானாக உள்ளே இறங்கிவிடுவார், அந்த ஆட்டம் முழுக்க அவருடைய எல்லா வேலையும் மெதுவாகும். பக்கத்தில் விழும் வெடிகுண்டின் சில்லும் அவரைத் தாக்கும். தடுப்புத் தகடு இருந்தால் அது முன்னால் மட்டும்தான். பக்கமும் முதுகும் திறந்தே இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. கமாண்டர் செத்தால் டாங்கியே முடங்கிப்போவது மாதிரி வைத்துவிடாதீர்கள். நான் வைத்தேன், மறுவாரமே யாரும் மூடியைத் திறக்கவில்லை. விலை கட்டுப்படியாகிற விலையாக இருக்க வேண்டும். இப்போது கமாண்டர் விழுந்தால் கன்னர் அந்த இடத்துக்கு மாற 12 நொடி ஆகும், அதுவரை பீரங்கி சும்மா கிடக்கும். பயப்படுவதற்கு அது போதும்.

தண்டும் திருப்பமும்

துப்பாக்கி எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்பும் என்பது ஒவ்வொரு டாங்கிக்கும் ஒரு குணத்தைக் கொடுக்கிறது. எல்லாவற்றுக்கும் 360 டிகிரி சுழற்சி கொடுத்தீர்களானால் அந்தக் குணம் அத்தனையும் போய்விடும்.

பிற்கால ஷெர்மன்களில் 12.7 மி.மீ. பிரவுனிங்கை டரட்டின் பின்பக்கமாக மாட்டியிருப்பார்கள். விமானத்தைச் சுட அது வசதி. முன்னால் இருக்கும் காலாட்படையைச் சுட வேண்டுமென்றால் ஆள் டாங்கியை விட்டே வெளியேறி, பின்னால் எஞ்சின் மேல் தளத்தில் நின்று சுட வேண்டும். டாங்கி எதிர்ப்பு வண்டியான எம்10லும் டரட்டின் பின் விளிம்பில்தான் இருக்கும். இதை அப்படியே வையுங்கள். என் ஷெர்மனில் மூடியிலிருந்து பிடித்தால் பின்னாலும் பக்கத்திலும்தான் சுட முடியும். முன்னால் சுட தனி விசை உண்டு: ஆள் முழு உடலோடு எஞ்சின் தளத்தில் நிற்பார், டரட் அவருக்கு முன்னால் மார்பளவு மறைப்பாக இருக்கும். அப்போது டாங்கி நகர்ந்தால் அவர் தடுமாறுவார். குறி எங்கோ போகும்.

அமெரிக்க எம்48இல் வேறு மாதிரி. துப்பாக்கி கமாண்டர் தலைக்கு மேல் உள்ள மூடிய சின்னக் கூண்டான கியூபோலாவுக்குள், ஒருக்களித்துப் படுத்த நிலையில் இருக்கும். கமாண்டர் உள்ளே இருந்தே சுடலாம், பாதுகாப்புதான். ஆனால் இடம் குறுகல், தோட்டாப் பெட்டி சின்னது, வெளியே பார்க்கும் கண்ணாடி வழியே தெரிவதும் கொஞ்சம்தான். வியட்நாமில் பல குழுக்கள் அந்தத் துப்பாக்கியைக் கழற்றி கியூபோலாவின் மேலேயே மாட்டிக்கொண்டார்கள். பாதுகாப்பை விட்டுக்கொடுத்து பார்வையையும் தோட்டாவையும் வாங்கினார்கள். இதை என் கேமில் ஆட்டம் தொடங்கும் முன் தேர்ந்தெடுக்கும் வசதியாக வைத்திருக்கிறேன்: உள்ளே அல்லது மேலே. எந்தப் பையன் எதை எடுக்கிறான் என்று பார்ப்பதே எனக்கு ஒரு சந்தோஷம்.

சாய்வுக் கோணத்தையும் மறக்க வேண்டாம். டரட் கூரையின் விளிம்பு தடுப்பதால் டாங்கிக்கு மிக அருகில் இருக்கும் ஆளைக் கூரைத் துப்பாக்கியால் சுட முடியாது. துப்பாக்கிக் குழாயிலிருந்து ஒரு ரேகாஸ்ட் (கண்ணுக்குத் தெரியாத நேர்க்கோடு) விட்டு, அது சொந்த டாங்கியில் இடித்தால் சுடாமல் நிறுத்துங்கள். காலாட்படை ஆடுகிறவர்களுக்கு அந்த மறைவிடம் உயிர் மாதிரி.

அடுத்து வண்டியின் குலுக்கல். பீரங்கிக்குப் பக்கத்தில் அதோடு சேர்ந்தே திரும்பும் கோஆக்சியல் மெஷின் கன், பீரங்கிக்கு ஸ்டெபிலைசர் (குலுக்கலிலும் குறியை நிலையாக வைக்கும் கருவி) இருந்தால் அந்த நிதானத்தைத் தானும் பெறுகிறது. கூரைத் தண்டில் கையால் பிடிக்கும் துப்பாக்கிக்கு அது கிடையாது. பிரவுனிங் எம்2 மட்டுமே 38 கிலோ. கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டியில் நின்றுகொண்டு இரண்டு கையால் அதை அடக்க வேண்டும். என் கேமில் வண்டி நின்றால் குறி இறுகும், மணிக்கு 15 கி.மீ. தாண்டினால் தோட்டா விசிறியடிக்கும். இதை மட்டும் செய்தாலே ஓடிக்கொண்டே பொழிகிற பழக்கம் பாதி நின்றுவிடும்.

பெல்ட், சூடு, இரண்டு இழுப்பு

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, பட்டறைக்காரன் என்பதால் இருக்கலாம். எம்2வை எப்படித் தயார் செய்கிறார்கள் என்று கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மேல் மூடியைத் தூக்குவார்கள். பெல்ட்டின் முதல் தோட்டாவைப் பள்ளத்தில் பிடிப்பு விழும்படி வைப்பார்கள். மூடியை அறைந்து மூடுவார்கள். வலது பக்கக் கைப்பிடியைப் பின்னால் இழுத்து விடுவார்கள், ‘சடக்’. இது பாதி லோடுதான். மறுபடி ஒரு முறை இழுத்தால்தான் தோட்டா குழாய்க்குள் போகும். அப்புறம் பின்னால் இருக்கும் இரண்டு பிடிகளையும் கைகளால் பற்றி, நடுவில் இருக்கும் வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி விசையைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும்.

இது முழுவதையும் அனிமேஷனாக வையுங்கள். ரீலோட் என்றால் திரையில் ஒரு வட்டம் நிரம்புவது என்று வைத்தால் ஆட்டக்காரர் காத்திருக்கிறார், அவ்வளவுதான். இரண்டு இழுப்பையும் கண்ணால் பார்த்து, இரண்டு சடக் சத்தத்தையும் காதால் கேட்டால், வெளியே உடலோடு நிற்கும் அந்த ஒன்பது நொடியும் அவருக்கு ஒரு யுகமாகத் தெரியும். எதிரிக்கும் அந்தச் சத்தம் 40 மீட்டர் வரை கேட்கும்படி வைத்தேன். பதுங்கியிருக்கிறவன் முதல் சடக் கேட்டதும் ஓட ஆரம்பிக்கிறான், இரண்டாவது சடக்குக்குள் அடுத்த சுவருக்குப் போய்விடலாம் என்று அவனுக்குத் தெரியும்.

பெல்ட் அளவைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுங்கள். எம்2 நிமிடத்துக்கு 450 முதல் 600 தோட்டா வரை சுடும். 500 என்று வைத்தால் 100 தோட்டாப் பெட்டி 12 நொடியில் காலி. டிஎஸ்ஹெச்கே நிமிடத்துக்கு 600, பெட்டியில் 50. விசையை விடாமல் பிடித்தால் 5 நொடி! இரண்டும் ஒரே விட்டத் தோட்டாதான், ஆனால் கையில் பிடிக்கும்போது இரண்டும் வேறு வேறு ஆயுதமாக உணரும். இதற்கு நீங்கள் சேதத்தில் ஒரு எண்ணையும் மாற்ற வேண்டியதில்லை.

சூட்டுக்கு அமெரிக்கப் பயிற்சி முறையே நல்ல வழிகாட்டி: நிதானமாகச் சுடுவது என்றால் நிமிடத்துக்கு 40 தோட்டாவுக்குள், ஐந்து முதல் ஏழு வரை சின்னச் சின்னக் கொத்தாக, நடுவில் இடைவெளி விட்டு. அதை மீறித் தொடர்ந்தால் குழாய் தேயும், சூடேறும். என் கேமில் இரண்டு பெல்ட்டை இடைவெளி இல்லாமல் கொட்டினால் குறி விரிய ஆரம்பிக்கும். மூன்றாவதும் கொட்டினால் குழாயை மாற்றியே ஆக வேண்டும். பழைய எம்2வில் குழாய் மாற்றினால் பின்னால் உள்ள இடைவெளியை கேஜ் வைத்துச் சரிபார்க்க வேண்டும். புதிய எம்2ஏ1இல் அந்த வேலை இல்லை, சட்டென்று மாற்றலாம். ஆகவே 1945 மேப்பில் குழாய் மாற்ற ஒரு நிமிடம், நவீன மேப்பில் 15 நொடி.

தோட்டா எதை உடைக்கும்?

இதை ஒரு அட்டவணையாக எழுதி கோடுக்கு மேலேயே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். 12.7 மி.மீ. தோட்டா குழாயை விட்டு நொடிக்கு ஏறக்குறைய 890 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. அதன் ஆற்றல் ஏறக்குறைய 17 கிலோஜூல், 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவைப் போல ஐந்து மடங்கு. கிட்டத்தில் கவசம் துளைக்கும் ரகத்துக்கு 20 மி.மீ. எஃகு என்று நான் வைத்திருக்கிறேன், தூரம் கூடக்கூடக் குறையும்.

அப்படியானால் அமெரிக்க எம்3 ஹாஃப்-டிராக்கின் 6.35 மி.மீ. பக்கம், ஜெர்மன் 251இன் 14.5 மி.மீ. முகப்பும் 8 மி.மீ. பக்கமும், எல்லாமே கிட்டத்தில் துளையும். துளையட்டும். ஹாஃப்-டிராக் ஓட்டுகிறவர் ஷெர்மனுக்கு முன்னால் வெட்டவெளியில் நிற்கக் கூடாது. அது நிஜத்திலும் அவருக்குத் தெரிந்த பாடம். ஆனால் அவருக்கு வழியும் கொடுங்கள்: 251இல் மெஷின் கன் இருக்கிறது, ஷெர்மன் கமாண்டர் இப்போது மார்பு வரை வெளியே நிற்கிறார். முன்பு ஒருதலையாக இருந்த மோதல் இப்போது யார் முந்துவது என்ற போட்டியாகிவிட்டது. எங்கள் கூடத்தில் 251 ஓட்ட இப்போது சண்டை போடுகிறார்கள்.

டி-34இன் பக்கம் 45 மி.மீ., அதுவும் சாய்வு. அதன் மேல் எவ்வளவு கொட்டினாலும் உள்ளே போகாது. “கொஞ்சம் கொஞ்சமாக உயிர் குறையும்” என்ற பழைய கேம் வழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம். ஆனால் பெரிஸ்கோப் கண்ணாடி உடையும், வெளியே கட்டிய எரிபொருள் பீப்பாய் ஓட்டையாகும், திறந்த மூடியில் நிற்கும் ஆள் விழுவார். எம்10 மாதிரி மேல் திறந்த டரட்டுக்கு எதிராக, உயரத்திலிருந்து சுடுகிறவருக்குப் பெரிய லாபம் உண்டு. மாடி ஜன்னலின் மதிப்பு அங்கேதான் ஏறும்.

துப்பாக்கியின் இரும்பு உடலைக் கவசமாகக் கணக்கிடாதீர்கள். பெரிய குண்டு அதில் பட்டால் துப்பாக்கி சிதறட்டும், குண்டு தன் வழியே போகட்டும். ஒரு மெஷின் கன் குழாய் 75 மி.மீ. குண்டை விழுங்கிவிட்டால் சுட்டவருக்கு வரும் கோபம் நியாயமானது.

விமானம்

கூரையில் இந்தத் துப்பாக்கி வந்ததே பெரும்பாலும் விமானத்துக்காகத்தான். நிஜ ராணுவங்களும் இதில் கூட்டிக் குறைத்துப் பார்த்திருக்கின்றன. டி-54இல் இருந்த டிஎஸ்ஹெச்கேவை, ஜெட் விமானத்தை இதால் என்ன செய்ய முடியும் என்று டி-55இல் எடுத்துவிட்டார்கள். ஹெலிகாப்டர்கள் பெருகிய பிறகு, 1970 வாக்கில் அது திரும்பி வந்தது. ஆகவே 1960 மேப்பில் ஆரம்பகால டி-55க்குக் கூரைத் துப்பாக்கி கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள், நானும் அப்படித்தான் எடுத்தேன்.

மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் குறுக்கே பறக்கும் விமானம் அரை நொடியில் 70 மீட்டர் போய்விடும். 500 மீட்டர் தூரத்துக்குத் தோட்டா போய்ச்சேர அரை நொடிக்கு மேல் ஆகும். அத்தனை தூரம் முன்னால் குறி வைக்க வேண்டும். ‘இங்கே சுடு’ என்று காட்டும் வட்டத்தை வைக்காதீர்கள். நாலுக்கு ஒன்றாக ட்ரேசர் (ஒளிவிட்டுப் பாயும் தோட்டா) வையுங்கள், ஆட்டக்காரர் அந்த வெளிச்சக் கோட்டைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்வார். விமானி பக்கத்திலும் திரையைச் செயற்கையாக நடுக்க வேண்டாம். ட்ரேசர் காக்பிட்டை ஒட்டிப் போனாலே மனுஷன் விலகிவிடுவான். என் கணக்கில் அந்த விலகல்தான் கூரைத் துப்பாக்கியின் வெற்றி. விமானம் விழுவது எப்போதாவது நடந்தால் போதும், அன்றைக்குக் கூடமே கத்தும்.

உள்ளிருந்து சுடும் வகைகள்

ஆள் வெளியே வராமல் சுடும் டாங்கிகளும் நிஜத்தில் உண்டு, அவற்றை மறுக்க முடியாது. ஒரே என்எஸ்வி துப்பாக்கியை டி-64இன் கமாண்டர் மூடியைத் திறக்காமலே சுடுவார், டி-72இன் கமாண்டர் எழுந்து நிற்க வேண்டும். நம் ஆவடித் தொழிற்சாலையில் கட்டிய டி-72 அஜேயாவுக்கும் டி-90 பீஷ்மாவுக்கும் இடையில் இதே வித்தியாசம் இருக்கிறது: அஜேயாவில் தலை வெளியே, பீஷ்மாவில் உள்ளிருந்தே. முதல் எம்1களில் கமாண்டர் உள்ளே இருந்து சுடும்படி இருந்தது, எம்1ஏ2வில் அது போனது, பிறகு குரோஸ் என்ற கேமரா வைத்த ரிமோட் நிலையமாகத் திரும்பி வந்தது.

இவற்றுக்கு உடல் விலை இல்லை, ஆகவே வேறு விலை தேடுங்கள். நிஜத்திலேயே மூன்று இருக்கின்றன. பார்வை: கண்ணாடி அல்லது கேமரா வழியே தெரிவது ஒரு குறுகிய சதுரம், பக்கத்தில் ஓடுகிறவன் அதில் தெரிய மாட்டான். உடைவு: அந்தக் கண்ணாடியையோ கேமராவையோ ஒரு ரைபிள் தோட்டா குருடாக்கலாம். மூன்றாவதுதான் முக்கியம்: பெல்ட் தீர்ந்தால் புதுப் பெட்டி மாட்ட யாராவது வெளியே வந்தாக வேண்டும். என் டி-64 ஓட்டுநர்கள் முதல் பெட்டியை மிகவும் சிக்கனமாகச் செலவு செய்கிறார்கள்.

சோதிக்கும்போது எதை எண்ணுவது?

கொன்ற எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தவறான முடிவுக்கு வருவீர்கள், நான் சேதத்தைக் குறைத்த தவறு அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு லாக் கோப்பில் நாலு எண் எழுதவிடுங்கள்: மூடி எத்தனை நொடி திறந்திருந்தது, திறந்திருந்தபோது எத்தனை முறை ஆள் விழுந்தார், எத்தனை தோட்டா போனது, துப்பாக்கியைப் பிடிக்கப் போய் பீரங்கி ரீலோட் எத்தனை நொடி நின்றது. மூடி திறப்பது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போனால் விலை அதிகம், மூடியைத் திறந்து எழ ஆகும் நேரத்தைக் குறையுங்கள். ஆட்டம் முழுக்கத் திறந்தே கிடந்தால் விலை குறைவு. அப்போதும் தோட்டாவில் கைவைக்காமல், முதலில் குறிபார்த்துச் சுடும் ரைபிள்காரர்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். ஒரு மேப்புக்கு ஒரு மாற்றம், ஒரு வாரத்துக்கு ஒரு மேப். இரண்டை ஒரே ஞாயிற்றுக்கிழமை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.